வயது செய்ததா, காலம் செய்ததா? மனித வளர்ச்சியை எப்படி ஆராய்கிறார்கள்

தமிழ்நாட்டில் ஏதோ ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வயதுப் பெண்கள் நூறு பேர், ஐம்பது வயதுப் பெண்கள் நூறு பேர், எண்பது வயதுப் பெண்கள் நூறு பேர் என்று அழைத்து, ஆளுக்கொரு தினத்தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். இருபதில் ஏறக்குறைய எல்லோரும் வாசித்துவிடுவார்கள். ஐம்பதில் சிலர் திணறுவார்கள். எண்பதில் பலர் தாளைத் திருப்பித் தந்துவிடுவார்கள். இதை வரைபடமாகப் போட்டால் கோடு சரசரவென்று கீழே இறங்கும். 'வயது ஏற ஏற வாசிக்கும் திறன் குறைகிறது' என்று யாராவது அதற்குத் தலைப்பு வைத்தால் நாம் சிரிப்போம். பாட்டி வாசிப்பை மறந்துவிடவில்லை. அவரை யாரும் பள்ளிக்கு அனுப்பவே இல்லை.

வாசிப்பு என்பதால் தவறு பளிச்சென்று தெரிகிறது. இதே முறையில் நினைவாற்றலையோ நுண்ணறிவையோ அளந்து கோடு போட்டால் அவ்வளவு எளிதில் தெரியாது. நன்றாகப் படித்த ஆய்வாளர்களே பல ஆண்டுகள் இந்தக் குழியில் விழுந்து கிடந்திருக்கிறார்கள்.

பி.எட்., நர்சிங், உளவியல் என எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் மனித வளர்ச்சி பற்றி ஒரு பாடம் இருக்கும். பெரும்பாலும் தொடக்கத்திலேயே ஓர் அட்டவணை வந்துவிடும். கருப்பருவம், குழந்தைப் பருவம், குமரப் பருவம், நடுவயது, முதுமை. ஒவ்வொன்றுக்கும் எதிரே உடலில் என்ன மாறும், மனதில் என்ன மாறும் என்ற குறிப்பு. தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்தக் கட்டங்களில் இருப்பதை யார், யாரைப் பார்த்து, எத்தனை நாள் பார்த்துக் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாமல் படித்தால், எதை நம்புவது, எதைச் சந்தேகிப்பது என்பதே பிடிபடாது. அதனால் இங்கே அட்டவணையை விட்டுவிட்டு, கண்டுபிடித்த வழிகளைப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு சின்னப் பிரிவு. உயரம், எடை, தலைச்சுற்றளவு போன்றவை டேப்பிலும் தராசிலும் அகப்படும் வளர்ச்சி. நடப்பது, பேசுவது, கோபத்தை அடக்குவது, திட்டமிடுவது, ஒருவரை நம்புவது எல்லாம் டேப்பில் அகப்படாத வளர்ச்சி. முதல் வகையில் உயரம் இருபது வயதை ஒட்டி நின்றுவிடும். இரண்டாவது வகை கடைசிவரை ஓடும். 'வாழ்நாள் முழுவதும்' என்று சேர்த்துச் சொல்வது அதனால்தான். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வளர்ச்சி ஆய்வு என்றால் பெரும்பாலும் குழந்தைகளைப் பற்றிய ஆய்வாகவே இருந்தது. பெரியவர்கள் வளர்ந்து முடிந்தவர்கள் என்ற நினைப்பு.

டேப்பில் அகப்படுவதிலிருந்தே தொடங்கலாம். 1759-இல் பிரான்சில் பிறந்த தன் மகனை, ஃபிலிபேர் கெனோ த மோன்பெய்யார் என்பவர் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிற்கவைத்து உயரம் அளந்தார். பையனுக்கு 18 வயது ஆகும்வரை விடவில்லை. இயற்கையியலாளர் பூஃபோன் அவருக்கு நண்பர். தன் இயற்கை வரலாற்று நூல்வரிசையின் துணைத்தொகுதி ஒன்றில் அந்தக் கணக்கை 1777-இல் அச்சிட்டுவிட்டார். ஒரே பையன், ஒரே அப்பா, ஓர் அளவுகோல். இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆகியும் அந்தக் கோட்டை வளர்ச்சி பற்றிய பாடநூல்களில் பார்க்கலாம்.

அந்தக் கணக்கில் உயரத்தை மட்டும் பார்த்தால் கோடு ஏறிக்கொண்டே போகும், அவ்வளவுதான். ஓர் ஆண்டில் எத்தனை சென்டிமீட்டர் கூடியது என்று வேகத்தைப் பார்த்தால்தான் விஷயம் இருக்கிறது. பொதுவாகக் குழந்தை சுமார் 50 செ.மீ. நீளத்தில் பிறக்கும். முதல் ஆண்டில் 25 செ.மீ. அளவுக்குக் கூடும். இரண்டாம் ஆண்டில் அது 12-ஆகக் குறைந்துவிடும். அப்புறம் பள்ளிப் பருவம் முழுக்க ஆண்டுக்கு ஐந்தாறு செ.மீ. என்று நிதானமாகப் போகும். பூப்பெய்தும் காலத்தில் திடீரென்று ஒரு தாவல். பெண்களுக்கு 12 வயதை ஒட்டியும் ஆண்களுக்கு 14 வயதை ஒட்டியும் அது உச்சத்துக்குப் போய், பிறகு சில ஆண்டுகளில் அடங்கிவிடும். நம் வாழ்க்கையின் மிக வேகமான வளர்ச்சி பிறக்கும்போதே கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது என்பதையும், அந்த இறக்கத்தின் நடுவில் ஒரு தாவல் வருகிறது என்பதையும் தொடர்ந்து அளந்ததால்தான் பார்க்க முடிகிறது.

சரி, ஒரு பையனுக்காகப் பதினெட்டு ஆண்டுகள் காத்திருப்பானேன்? ஒரே வாரத்தில் ஒரு பள்ளிக்குப் போய், ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை எல்லோரையும் அளந்து, வயதுவாரியாகச் சராசரி போட்டால் ஆகாதா? ஆகும். இதற்குப் பெயர் குறுக்குவெட்டு ஆய்வு. வெவ்வேறு வயதுக்காரர்களை ஒரே சமயத்தில் அளப்பது. மோன்பெய்யார் செய்தது நீள்வெட்டு ஆய்வு. அதே ஆளைத் திரும்பத் திரும்ப அளப்பது. குறுக்குவெட்டில் நேரமும் பணமும் மிச்சம். ஆனால் அந்தத் தாவல் தொலைந்துபோகும்.

எப்படி என்றால், ஒருத்தி பத்து வயதில் தாவுவாள், அவள் தோழி பதிமூன்றில் தாவுவாள். ஒவ்வொருத்தியின் கோட்டிலும் செங்குத்தாக ஒரு மேடு இருக்கும். ஆனால் ஒரே வயதில் சிலர் தாவிக்கொண்டும் சிலர் தாவாமலும் இருப்பதால், எல்லோரையும் கூட்டி வகுத்தால் மேடு தட்டையாகி, நாலைந்து ஆண்டுகளுக்கு நீண்ட ஒரு மென்மையான சரிவாகிவிடும். மானிடவியலாளர் ஃப்ரான்ஸ் போயாஸ் 1890-களிலேயே இதைச் சுட்டிக்காட்டினார். சராசரிக் கோட்டைப் போல எந்தக் குழந்தையும் வளர்வதில்லை. எட்டாம் வகுப்புப் புகைப்படத்தில் பின்வரிசையில் நெடுநெடுவென்று நிற்கும் பெண்களையும், முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்ட குட்டிப் பையன்களையும் பாருங்கள். அந்தப் பையன்களில் பலர் பிளஸ் டூ படத்தில் பின்வரிசைக்குப் போயிருப்பார்கள். 'என் பையன் மட்டும் வளரவில்லை' என்று கவலைப்படும் பெற்றோரிடம் குழந்தை மருத்துவர் முதலில் கேட்பது பழைய உயரக் கணக்கைத்தான். இன்றைய ஓர் அளவைவிட ஓராண்டில் எவ்வளவு கூடியது என்பதே அவருக்குத் தேவை.

அங்கன்வாடியில் குழந்தையின் எடையைக் குறிக்கும் வளர்ச்சி வரைபடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு அடிப்படையான உலக சுகாதார அமைப்பின் அளவுகள் இரண்டு முறைகளையும் கலந்து உருவானவை. 1997 முதல் 2003 வரை பிரேசிலில் பெலோட்டாஸ், கானாவில் அக்ரா, இந்தியாவில் தெற்கு டெல்லி, நார்வேயில் ஆஸ்லோ, ஓமனில் மஸ்கட், அமெரிக்காவில் டேவிஸ் ஆகிய ஆறு இடங்களில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தார்கள். இரண்டு வயதுவரை அதே குழந்தைகளைத் தொடர்ந்தார்கள். அதற்கு மேற்பட்ட வயதுக்கு வெவ்வேறு குழந்தைகளை ஒருமுறை அளந்தார்கள். தாய்ப்பால் கிடைத்த, தாய் புகைபிடிக்காத, வறுமை தடுக்காத வீட்டுக் குழந்தைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். முடிவு பலருக்கு ஆச்சரியம். ஆறு நாட்டுக் குழந்தைகளும் ஐந்து வயதுவரை உயரத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். 'நம்ம ஊர்ப் பிள்ளைகள் குட்டைதான், அது ரத்தத்தில் உள்ளது' என்ற பேச்சுக்கு, அந்தச் சின்ன வயதைப் பொறுத்தவரை, 2006-இல் வெளியான இந்த அளவுகள் நல்ல பதில்.

அதே ஆய்வில் உட்காருவது, தவழ்வது, நிற்பது, நடப்பது போன்றவை எப்போது வருகின்றன என்றும் குறித்தார்கள். பிடியில்லாமல் தானாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். கிட்டத்தட்ட பத்து மாத இடைவெளி! எதிர்வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்துவிட்டது என்று தூக்கம் கெடுபவர்கள் இந்த எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். இன்னொரு விஷயம், நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. நேராக எழுந்து நின்றுவிட்டார்கள்.

இந்த மாதிரி மாதக்கணக்கு நமக்குப் புதிதும் இல்லை. பிள்ளைத்தமிழில் கைகளை ஊன்றித் தலையாட்டும் செங்கீரை ஐந்தாம் மாதம், கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம், தளர்நடை போட்டு வரும் வருகைப் பருவம் பதின்மூன்றாம் மாதம் என்று கணக்குச் சொல்வார்கள். பாடியவர்கள் அளவெடுக்கவில்லை, ஆனால் குழந்தைகளை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். என்ன, மரபுக்கு ஒரே மாதம்தான்; ஆய்வு தருவது ஓர் இடைவெளி. தாய்க்குப் பின்னதுதான் நிம்மதி.

இனி டேப்பில் அகப்படாத வளர்ச்சிக்கு வருவோம். சிக்கல் உண்மையில் இங்கேதான்.

1939-இல் டேவிட் வெக்ஸ்லர் பெரியவர்களுக்கென்று ஒரு நுண்ணறிவுத் தேர்வை வெளியிட்டார். வெவ்வேறு வயதினர் எழுதிய மதிப்பெண்களை வரிசைப்படுத்தினால் இருபதுகளில் உச்சம், பிறகு படிப்படியாக இறக்கம். முப்பதைத் தாண்டினால் மூளை சரிவில்தான் என்ற முடிவு பாடநூல்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வேலைக்கு எடுப்பவர்களுக்கும் அது வசதியாக இருந்திருக்கும்.

1956-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வார்னர் ஷாயி என்ற ஆராய்ச்சி மாணவர், ஒரு கூட்டுறவு மருத்துவத் திட்டத்தின் உறுப்பினர்களில் 22 வயதிலிருந்து 70 வயதுவரை 500 பேரைத் தேர்ந்து அதே மாதிரித் தேர்வுகளை வைத்தார். அவருக்கும் அதே இறக்கக் கோடு கிடைத்தது. அவர் அத்தோடு விடவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து 1963-இல், கிடைத்த ஆட்களை மறுபடி அழைத்து அதே தேர்வை வைத்தார். கூடவே புதிதாக வேறு ஆட்களையும் சேர்த்துக்கொண்டார். பிறகு ஏழு ஆண்டுக்கு ஒருமுறை இதையே செய்துகொண்டு போனார்கள்.

அதே ஆளின் பழைய மதிப்பெண்ணையும் புதிய மதிப்பெண்ணையும் வைத்துப் பார்த்தபோது படம் மாறிவிட்டது. சொல் அறிவு, காரணம் கண்டுபிடித்தல் போன்ற பெரும்பாலான திறன்களில் ஐம்பதுகள்வரை பெரிய இறக்கமே இல்லை. சிலவற்றில் நடுவயதில்தான் உச்சம். சராசரியாக அறுபதைத் தாண்டிய பிறகுதான் சரிவு தெளிவாகத் தெரிந்தது. சீக்கிரமே குறையத் தொடங்குவது வேகம் மட்டும். கண்ணால் பார்த்துச் சட்டென்று ஒப்பிட்டு முடிவெடுக்கும் வேகம்.

அப்படியானால் 1956-இல் முதியவர்கள் குறைவாக எடுத்ததற்குக் காரணம்? பெருமளவு, அவர்கள் பிறந்த காலம். 1890-களில் பிறந்தவர்களுக்குப் பள்ளிப்படிப்பு குறைவு, சத்துணவு குறைவு, தாளில் எழுதும் தேர்வு பழக்கமே இல்லை. இருபது வயதில் அவர்களைச் சோதித்திருந்தாலும் 1930-களில் பிறந்தவர்கள் அளவுக்கு எடுத்திருக்க மாட்டார்கள். தினத்தாளைத் திருப்பித் தந்த பாட்டி கதைதான். பின்னால் பிறந்தவர்கள் எல்லாவற்றிலும் மேல் என்றும் எண்ண வேண்டாம். எண்களைக் கூட்டிக் கழிக்கும் திறனில் 1920-களில் பிறந்தவர்கள் தங்களுக்குப் பின்னால் வந்தவர்களை முந்தியிருந்தார்கள்.

இதில் மூன்று விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று வயது, அதாவது உடலும் மனமும் எத்தனை ஆண்டுகள் ஓடியிருக்கின்றன என்பது. அடுத்தது பிறந்த தலைமுறை. எந்தக் காலத்துப் பள்ளி, எந்தக் காலத்துச் சோறு, எந்தக் காலத்து நோய் என்பதெல்லாம் இதில் அடங்கும். மூன்றாவது, அளக்கும் காலம். 2021-இல் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பை அளந்திருந்தால், எல்லா வயதினருக்கும் குறைவாகவே வந்திருக்கும். அது அவர்கள் வயதின் குறையோ தலைமுறையின் குறையோ கிடையாது. கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக்கிடந்தன. அதை ஈடுகட்டத்தான் தமிழ்நாட்டில் இல்லம் தேடிக் கல்வி வந்தது.

இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிடலாம் என்று தோன்றும். முழுதாக முடியாது, கணக்கே இடம் தராது. அளக்கும் ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வயது. இரண்டைப் பிடித்து நிறுத்தினால் மூன்றாவது தானாக நின்றுவிடும். 1950-இல் பிறந்தவரை 2020-இல் அளந்தால் அவருக்கு 70 வயதுதான், வேறு வழியில்லை. ஷாயி செய்தது போலப் பழைய ஆட்களைத் தொடர்ந்துகொண்டே புதிய ஆட்களையும் சேர்ப்பது இந்த முடிச்சை முழுதாக அவிழ்க்காது. எது எவ்வளவு என்று ஊகிக்கும் அளவுக்குத் தளர்த்தும்.

நீள்வெட்டு ஆய்வுதான் உண்மை, குறுக்குவெட்டு பொய் என்று முடிவுகட்டவும் வேண்டாம். நீள்வெட்டிலும் ஓட்டைகள் உண்டு. அதே தேர்வை மூன்றாம் முறை எழுதுபவருக்குப் பழக்கத்தாலேயே நாலு மதிப்பெண் கூடும். அதைவிட மோசம், ஆட்கள் கழன்றுகொள்வது. நோயாளிகள், வீடு மாறியவர்கள், வறுமையில் தள்ளாடுபவர்கள், இறந்துபோனவர்கள் அடுத்த சுற்றுக்கு வருவதில்லை. மிஞ்சுபவர்கள் திடமானவர்கள். அவர்களை மட்டும் பார்த்தால் முதுமை இருப்பதைவிட இனிமையாகத் தெரியும். ஆக ஒரு முறை சரிவைப் பெரிதாக்கிக் காட்டும், இன்னொன்று சிறிதாக்கிக் காட்டும். 'இத்தனை வயதில் மூளை தளர்கிறது' என்ற செய்தித் தலைப்பைப் பார்த்தால், ஒரே ஆட்களைத் தொடர்ந்தார்களா, எத்தனை பேர் பாதியில் போனார்கள் என்று தேடிப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் செய்தியில் இரண்டும் இருக்காது.

ஆட்களைக் கைவிடாமல் பிடித்துவைப்பதில் பெயர் பெற்றது நியூசிலாந்தின் டனீடன் நகர ஆய்வு. 1972 ஏப்ரல் முதல் 1973 மார்ச் வரை அங்கே ஒரே மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளில் 1,037 பேரை மூன்று வயதிலிருந்து தொடர்கிறார்கள். அவர்களில் பலர் உலகம் முழுவதும் சிதறிவிட்டார்கள். எங்கே இருந்தாலும் விமானச் சீட்டு எடுத்து வரவழைத்துச் சோதிக்கிறார்கள். அவர்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது என்ற உறுதியைக் காப்பாற்றுகிறார்கள். 45 வயதுச் சுற்றில், உயிரோடு இருந்தவர்களில் 94 விழுக்காட்டினர் வந்தார்கள். ஊரில் ஒரு காதுகுத்துக்கு அழைத்தாலும் அவ்வளவு பேர் வருவார்களா என்பது சந்தேகம்.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு 2015-இல் வந்தது. எல்லோருக்கும் 38 வயது. சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல், பல் ஈறு, ரத்தம் என்று பலவற்றை அளந்து உடலின் வயதைக் கணக்கிட்டபோது, ஒருவருக்கு 28 என்றும் இன்னொருவருக்கு 61 என்றும் வந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரே ஆண்டு, உடலுக்குள் முப்பது ஆண்டுக்கு மேல் வித்தியாசம்! முதுமை என்பது அறுபதில் தொடங்கும் ஒரு பருவம் என்று அட்டவணை சொல்கிறது. இந்த ஆட்களில் அது முப்பதுகளிலேயே ஆளுக்கொரு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இவற்றுக்கெல்லாம் மூத்தது பிரிட்டனில் 1946 மார்ச் மாதத்தின் ஒரே வாரத்தில் பிறந்தவர்களைத் தொடரும் ஆய்வு. பிள்ளைப்பேற்றுக்கு என்ன செலவாகிறது, பிறப்பு விகிதம் ஏன் குறைகிறது என்று அறியத்தான் தொடங்கினார்கள். ஜேம்ஸ் டக்ளஸ் என்ற மருத்துவர் தலைமையில் 13,687 தாய்மார்களிடம் தகவல் வாங்கினார்கள். அவ்வளவு விவரம் கையில் இருக்கும்போது விட மனம் வருமா? 5,362 குழந்தைகளைத் தேர்ந்து தொடர்ந்தார்கள். ஒரு வாரத்து நிழற்படமாக இருந்திருக்க வேண்டியது, ஒரு முழு வாழ்நாளின் பதிவாகிவிட்டது. பிறந்த எடை குறைந்தவர்களுக்கு நடுவயதில் ரத்த அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தது என்று 1980-களில் சொல்ல முடிந்தது இந்தப் பதிவால்தான். நடுவயதுக்காரரிடம் போய் 'நீங்கள் பிறந்தபோது எத்தனை கிலோ' என்று கேட்டால் யாருக்கு நினைவிருக்கும்?

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட பதிவுகள் இருக்கின்றன, அவ்வளவாக வெளியே தெரிவதில்லை. 1969-ஐ ஒட்டித் தெற்கு டெல்லியிலும், வேலூர் நகரிலும் அதை ஒட்டிய கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளை அளந்து எழுதிவைத்தார்கள். டெல்லிக் குழந்தைகள் 26 முதல் 32 வயதுக்கு வந்தபோது அவர்களில் சுமார் 1,500 பேரைச் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். சர்க்கரை நோயோ அதற்கு முந்தைய நிலையோ இருந்தவர்கள் இரண்டு வயதுவரை ஒல்லியாக இருந்தவர்கள். பிறகு எடை வேகமாக ஏறியிருந்தது. ஆனால் 12 வயதில் அவர்களில் ஒருவர்கூடக் குண்டு என்று சொல்லும் அளவில் இல்லை. வெறும் 12 வயதுக் குழந்தைகளை ஒருநாள் அளந்திருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது. வேலூரிலும் அதே வயது எட்டிய 2,218 பேரைச் சோதித்தார்கள். மெலிந்த குழந்தை பிறகு 'நல்லா சதை போட்டுட்டான்' என்று நாம் மகிழும் ஊர் இது. அந்த மகிழ்ச்சியைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்கவைக்கும் முடிவு.

இவை எல்லாம் பார்த்துப் பதிவு செய்பவை. எது எதற்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் சோதனை செய்ய வேண்டும். மனிதர்களில் அது பெரும்பாலும் முடியாது. கர்ப்பிணிகளைப் பட்டினி போட்டுப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் போர் அதைச் செய்திருக்கிறது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படையின் முற்றுகையால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்குக் கிடைத்த உணவு 400 முதல் 800 கலோரி அளவுக்குச் சுருங்கியது. 1945 மே மாதம் விடுதலை வந்ததும் பஞ்சம் சட்டென்று முடிந்தது. தொடக்கமும் முடிவும் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த பஞ்சம் அரிது. கருவின் கடைசி மாதங்களில் பஞ்சத்தில் அகப்பட்டவர்கள் எடை குறைவாகப் பிறந்தார்கள். முதல் மாதங்களில் அகப்பட்டவர்கள் பிறக்கும்போது எடையில் குறை தெரியவில்லை. ஆனால் பல பத்தாண்டுகள் கழித்து அவர்களிடம் இதய நோய் கூடுதலாக இருந்தது. அதே பசிதான். எந்த மாதத்தில் வந்தது என்பதைப் பொறுத்து வேறு வேறு விளைவு.

பிறந்த பிறகும் இந்த 'எப்போது' முக்கியம். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியைச் சமூகவியலாளர் க்ளென் எல்டர் கலிஃபோர்னியாவின் இரண்டு பழைய ஆய்வுகளின் வழியே பார்த்தார். ஓக்லண்டில் 1920-21-இல் பிறந்தவர்கள் வீழ்ச்சி வந்தபோது சின்னப் பிள்ளைகள் இல்லை. வேலைக்குப் போனார்கள், வீட்டைத் தாங்கினார்கள், பலர் நன்றாகவே தேறினார்கள். பெர்க்லியில் 1928-29-இல் பிறந்தவர்கள், குறிப்பாகப் பையன்கள், வீட்டுச் சண்டையும் பற்றாக்குறையும் உச்சத்தில் இருந்தபோது தவழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அடி பலமாக விழுந்தது. எட்டே ஆண்டு வித்தியாசம்.

உண்மையான சோதனை ஒன்றும் நடந்திருக்கிறது. சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சிக்குப் பின் ருமேனியாவின் அநாதை விடுதிகள் நிறைந்து கிடந்தன. 2000-இல் சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா ஆகியோர் புகாரெஸ்டில் விடுதிக் குழந்தைகள் 136 பேரில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். அந்தக் குடும்பங்களையும் அவர்களே தேடிப் பயிற்சி கொடுத்தார்கள். போனவர்களுக்கு நுண்ணறிவும், ஒருவரைச் சார்ந்து நம்பும் தன்மையும் மேம்பட்டன. இரண்டு வயதுக்கு முன் போனவர்களுக்கு இன்னும் நன்றாக. மீதிப் பாதியை விடுதியில் விட்டது சரியா? வளர்ப்புக் குடும்ப ஏற்பாடு அப்போது அந்நகரில் அநேகமாக இல்லை, யாரையும் வெளியேற விடாமல் தடுக்கவும் இல்லை என்பது அவர்கள் பதில். அந்தப் பதிலை ஏற்கிறேன், முழு நிம்மதியோடு இல்லாவிட்டாலும்.

இப்போது அந்த அட்டவணைக்குத் திரும்பினால், அதில் வரும் பெரிய பெயர்களை எப்படி வாசிப்பது என்பது தெளிவாகும். உளவியலாளர் பியாஜே தன் மூன்று குழந்தைகளை வெகு நுணுக்கமாகக் கவனித்தார். பொருளைத் துணியால் மூடினால் எட்டு மாதத்துக்கு முன் குழந்தை தேடுவதில்லை, எனவே மறைந்த பொருள் இன்னும் இருக்கிறது என்ற எண்ணம் அதற்கு இல்லை என்றார். 1985-இல் ரெனே பையர்ஷானும் சக ஆய்வாளர்களும் கையை நம்பாமல் கண்ணை நம்பினார்கள். நடக்க முடியாத ஒன்று நடப்பதாகக் காட்டினால் ஐந்து மாதக் குழந்தையே கூடுதல் நேரம் உற்றுப் பார்த்தது. துணியை விலக்கக் கை தேர வேண்டும், பார்க்க அது வேண்டாம். கேட்கும் விதம் மாறியதும் வயதே மாறிவிட்டது. இதன் பொருள் என்ன என்று இன்னும் விவாதம் ஓடுகிறது. வாழ்நாளை எட்டாகப் பிரித்த உளவியலாளர் எரிக்சனின் படிகள் வேறு வகை. குமரப் பருவத்தில் 'நான் யார்', நடுவயதில் 'அடுத்த தலைமுறைக்கு என்ன செய்தேன்' என்று கேட்கவைக்கும் அழகான வரைவு அது. அளந்து கண்ட முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பெர்லினில் பணியாற்றிய உளவியலாளர் பால் பால்டஸ் படிகளை விட்டு வேறு வழியில் யோசித்தார். எந்த வயதிலும் ஏதோ ஒன்று கூடுகிறது, ஏதோ ஒன்று குறைகிறது. வயது ஏற ஏற விகிதம் மாறுகிறது. அவர் அடிக்கடி காட்டிய உதாரணம் பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன். முதிய வயதிலும் எப்படி வாசிக்கிறீர்கள் என்றதற்கு, குறைவான உருப்படிகளையே எடுத்துக்கொள்கிறேன், அவற்றை அதிகம் பயிற்சி செய்கிறேன், வேகமான இடத்துக்கு முன் சற்று மெதுவாக வாசித்துவிடுகிறேன், அதனால் அடுத்தது வேகமாகக் கேட்கும் என்றாராம். நம் மூத்த கச்சேரி வித்வான்களைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஷாயியின் ஆய்விலும் இதற்குத் துணை உண்டு. தளர்ந்திருந்த முதியவர்களுக்கு ஐந்து மணி நேரப் பயிற்சி கொடுத்தபோது, சுமார் 40 விழுக்காட்டினர் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் இருந்த மதிப்பெண்ணுக்கே திரும்பினார்கள்.

ஒரு குறை பாக்கி இருக்கிறது. இதுவரை சொன்ன பெரும்பாலான ஆட்கள் பணக்கார நாட்டவர்கள். சியாட்டில் மூதாட்டிக்குப் பொருந்துவது சிவகங்கை மூதாட்டிக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்தியாவில் இதற்காகத் தொடங்கியதுதான் லாசி எனப்படும் முதுமை பற்றிய நீள்வெட்டு ஆய்வு. மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை ஆய்வியல் நிறுவனம் நடத்துகிறது. 45 வயதைத் தாண்டியவர்களும் அவர்களுடைய துணைவர்களுமாக 72,000-க்கும் மேற்பட்டோரிடம் 2017-18-இல் முதல் சுற்று நடந்தது. பிடிவலிமை, நினைவு, ரத்த அழுத்தம், யாரோடு வாழ்கிறார்கள், யார் பணம் தருகிறார்கள் என்று எல்லாம் கேட்டார்கள். அதன் அட்டவணைகளில் 75 வயதுக்காரர்களின் நினைவு மதிப்பெண்ணை 50 வயதுக்காரர்களின் மதிப்பெண்ணோடு வைத்துப் பார்க்கலாம். ஆனால் பெயரில் நீள்வெட்டு என்று இருந்தாலும் முதல் சுற்று தனியாக நிற்கும்போது அதுவும் குறுக்குவெட்டுதான். 1940-களில் பிறந்தவருக்கும் 1960-களில் பிறந்தவருக்கும் நடுவில் எத்தனை பள்ளிக்கூடங்கள் திறந்தன என்பதும் அந்த வித்தியாசத்துக்குள் இருக்கிறது. அதே ஆட்களின் அடுத்தடுத்த சுற்றுகள் சேரச் சேரத்தான் அதில் வயதின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியும்.